முகமூடிக்குள் இருப்பவர் யார்?



1953 மே 29 அன்று எவரெஸ்ட் உச்சியில் எடுத்த படத்தைப் பார்த்திருக்கிறாயா? கொடிகள் கட்டிய பனிக்கோடரியை உயர்த்திப் பிடித்தபடி ஒருவர் நிற்பார். ஆக்சிஜன் முகமூடி அவர் முகத்தை மறைத்திருக்கும். அவர் யார், சொல் பார்க்கலாம்.

எட்மண்ட் ஹிலாரி என்றுதானே நினைத்தாய்? இல்லை, அவர் டென்சிங் நார்கே. படம் எடுத்தவர்தான் நியூசிலாந்துக்காரரான ஹிலாரி.

டென்சிங் ஒரு ஷெர்ப்பா. நேபாளத்தில் எவரெஸ்ட் அடிவாரத்துப் பள்ளத்தாக்குகளில் வாழும் மலை மக்கள்தான் ஷெர்ப்பாக்கள். அவர்களுடைய முன்னோர் பல நூறு ஆண்டுகளுக்கு முன் திபெத்திலிருந்து வந்தவர்கள். சுமார் நூறு ஆண்டுகளாக, இமயத்தில் ஏற வரும் வெளிநாட்டவர்களுக்கு இவர்கள்தான் துணை.

"அவ்வளவு உயரத்தில் அவர்களுக்கு மட்டும் மூச்சு வாங்காதா?" என்று கேட்கிறாயா? சபாஷ்! நல்ல கேள்வி.

வீட்டில் இலவம்பஞ்சு மெத்தைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் என்ன ஆகும்? அடியில் உள்ள மெத்தை அழுந்தி, பஞ்சு நெருக்கமாகிவிடும். மேலே உள்ளது தளர்வாக இருக்கும். காற்றும் அப்படித்தான். கடற்கரையில் நெருக்கமாக இருக்கிறது. 8,849 மீட்டர் உயரமுள்ள எவரெஸ்ட் உச்சியில் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குதான். அதனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் மிகக் குறைவு. புரிந்ததா?

நாம் மலை உயரத்தில் சில வாரங்கள் தங்கினால், நம் உடம்பு சிவப்பணுக்களைக் கூடுதலாக உண்டாக்கும். ஆக்சிஜனைச் சுமப்பவை அவைதான். ஆனால் அவை மிகவும் பெருகினால் ரத்தம் கெட்டியாகும், இதயம் திணறும். ஷெர்ப்பாக்களுக்குச் சிவப்பணுக்கள் அந்த அளவுக்குப் பெருகுவதில்லை. கிடைக்கும் கொஞ்சம் ஆக்சிஜனையே அவர்களுடைய தசைகள் சிக்கனமாகப் பயன்படுத்துகின்றன. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மலையில் வாழ்ந்த முன்னோரிடமிருந்து மரபணு வழியாக வந்த சொத்து இது.

சரி, உடம்பு மட்டும் இருந்தால் போதுமா? போதாது, கண்ணே. திறமையும் உழைப்பும் வேண்டும்.

எவரெஸ்ட் வழியில் கும்பு பனியருவி என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே பனிக்கட்டி மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். திடீரென்று பிளவுகள் வாய் திறக்கும். ஒவ்வொரு பருவத்திலும் ஷெர்ப்பாக்கள் முதலில் போய், பிளவுகளுக்குக் குறுக்கே அலுமினிய ஏணி போட்டு, கயிறு கட்டி வழி அமைக்கிறார்கள். பிறகு கூடாரம், உணவு, ஆக்சிஜன் உருளை எல்லாவற்றையும் சுமந்து பலமுறை ஏறி இறங்குகிறார்கள். வெளிநாட்டவர் சிலமுறை கடக்கும் ஆபத்தை இவர்கள் மீண்டும் மீண்டும் கடக்கிறார்கள்.

2014 ஏப்ரல் 18 அன்று அங்கே பனிச்சரிவு விழுந்தது. வேலையில் இருந்த 16 நேபாளியர் இறந்தார்கள். பெரும்பாலோர் ஷெர்ப்பாக்கள். அவர்களுடைய தோழர்கள் அதற்குமேல் ஏற மறுத்து, குடும்பங்களுக்கு நல்ல காப்பீடு வேண்டும் என்று கேட்டார்கள். அது நியாயமான கோரிக்கை.

நல்ல நட்பும் இந்த மலையில் உண்டு. 1953 பயணத்தில் ஹிலாரி ஒரு பனிப்பிளவுக்குள் விழுந்தார். டென்சிங் சட்டென்று கயிற்றை இறுக்கிப் பிடித்து அவரைக் காப்பாற்றினார். ஹிலாரி அதை மறக்கவில்லை. ஷெர்ப்பாக்களிடம் பட்ட அன்புக் கடனைத் தீர்க்க, 1961இல் கும்ஜுங் கிராமத்தில் பள்ளிக்கூடம் கட்ட உதவினார். பின்னர் மருத்துவமனையும் வந்தது.

இன்று ஷெர்ப்பாக்கள் துணையாளர்கள் மட்டுமல்லர், தலைவர்களும்கூட. மலையேற்ற நிறுவனங்களை அவர்களே நடத்துகிறார்கள். காமி ரீட்டா ஷெர்ப்பா 2025 மே மாதத்தில் 31ஆம் முறையாக எவரெஸ்டில் ஏறினார். 2021 ஜனவரியில், கே2 சிகரத்தைக் குளிர்காலத்தில் முதன்முதலாகத் தொட்ட பத்து நேபாளியரில் ஒன்பது பேர் ஷெர்ப்பாக்கள்.

கண்மணி, இனி யாராவது எவரெஸ்டில் ஏறினார் என்று செய்தி படித்தால், "கூடப் போன ஷெர்ப்பா யார்?" என்று கேள். அவர் பெயரையும் தேடிப் படி, நண்பர்களுக்கும் சொல். உழைத்தவர் எல்லாருக்கும் பெருமையில் பங்கு உண்டு.