தகவலுக்கு இரண்டு வழிகள்

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் ஒரு தொழிற்சாலையைக் கற்பனை செய்துகொள்வோம். உதிரிப் பாகங்களை ஏற்றிய லாரி ஒன்று கர்நாடகத்துக்குப் புறப்படத் தயாராக நிற்கிறது. ஓட்டுநர் இருக்கிறார், டீசல் இருக்கிறது. ஆனாலும் லாரி நகரவில்லை. காரணம், 'இ-வே பில்' வரவில்லை. 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டு செல்ல இச்சீட்டு வேண்டும் என்பது 2018 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள விதி. அதை வழங்குவது அரசின் கணிப்பொறி. ஆலைக்கும் அக்கணிப்பொறிக்கும் இடையே தொடர்பு அறுந்தால், சாலையில் ஓட வேண்டிய லாரியும் நின்றுவிடுகிறது.

ஆலைக்குள் இருக்கும் கணிப்பொறிகளை ஒன்றோடொன்று இணைப்பது உள்வலை. ஆலையைத் தலைமை அலுவலகத்தோடும், வேற்றூர்க் கிளைகளோடும், இன்டர்நெட்டோடும் இணைப்பது பரந்த வலை. இவ்விரண்டும் சந்திக்கும் வாசலில் இருக்கும் கருவிதான் ரௌட்டர். தமிழில் இதனைத் திசைவி என்கிறோம்.

ஒரகடத்தில் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும், சிங்கப்பெருமாள்கோயில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் குறுக்கிடுகின்றன. அச்சந்திப்பில் வழிகாட்டிப் பலகை செய்யும் வேலையையே திசைவியும் செய்கிறது. கணிப்பொறி அனுப்பும் செய்தி சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் மீதும், அது சேரவேண்டிய இடத்தின் முகவரி எண்களாக எழுதப்பட்டிருக்கும். திசைவி தன் நினைவிலுள்ள வழிப்பட்டியலைப் பார்த்து, அம்முகவரிக்கு மிக நெருக்கமாகப் பொருந்தும் வழியில் பொட்டலத்தை அனுப்புகிறது. எதிலும் பொருந்தாதவற்றுக்கு 'மற்றவை எல்லாம் இவ்வழி' என்று கடைசியில் ஒரு வரி இருக்கும். இதைப் பொதுவழி எனலாம்.

ஒரே இணைப்பை நம்பியிருப்பது ஆபத்து. ஓர் இணைப்பு ஆண்டில் நூற்றில் ஒரு பங்கு நேரம் பழுதாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 8,760 மணி நேரம்; எனவே 87.6 மணி நேரம் ஆலை ஊமையாகிவிடும். அதே தரமுள்ள இரண்டாவது இணைப்பையும் சேர்த்தால், இரண்டும் ஒருசேரப் பழுதாகும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று. அதாவது ஆண்டுக்குச் சுமார் 53 நிமிடங்களே!

ஆகவே திசைவியில் இரண்டு பொதுவழிகளை எழுதுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு முன்னுரிமை எண் உண்டு. முதல் வழிக்கு 1, மாற்று வழிக்கு 200 என்று கொடுத்தால், சிறிய எண்ணுள்ள வழியே பயன்படும். முதல் வழி பட்டியலிலிருந்து நீங்கினால் மாற்று வழி தானாகவே அதனிடத்துக்கு வரும்.

இத்துடன் வேலை முடிந்ததா? இல்லை. முதல் வழி அறுந்துவிட்டது என்பதைத் திசைவி எவ்வாறு அறியும்? அதன் இணைப்புக் கம்பி பெரும்பாலும், அதே அறையில் இணைப்பு நிறுவனம் வைத்துள்ள ஒரு பெட்டியில்தான் போய்ச் சேர்கிறது. ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் பொக்லைன் இயந்திரம் ஒளியிழையை அறுத்துவிட்டாலும், அறைக்குள் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கலாம். விளக்கை நம்பும் திசைவி, பாலம் இடிந்த சாலையில் வண்டிகளை அனுப்பும் காவலரைப் போலப் பொட்டலங்களை அனுப்பிக்கொண்டே இருக்கும். மாற்று வழியோ வெறுமனே கிடக்கும்.

இதற்குத் தீர்வு, நெடுந்தொலைவிலுள்ள ஒரு முகவரிக்குச் சோதனைப் பொட்டலம் அனுப்பிப் பதில் கேட்பதாகும். ஐந்து நொடிக்கு ஒரு முறை கேட்டு, மூன்று முறை பதில் வராவிட்டால் முதல் வழியை நீக்கும்படி கட்டளை எழுதலாம். ஒளி இழைக்குள் நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரிலுள்ள சென்னையை அடைய அதற்கு நொடியில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு போதும். ஆனால் வழி அறுந்தது என்று முடிவு செய்யப் பதினைந்து நொடி ஆகிறது!

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. சோதனைப் பொட்டலம் முதல் வழியில் மட்டுமே செல்ல வேண்டும் என்று தனியே எழுத வேண்டும். எழுதாவிட்டால் என்ன ஆகும்? வழி மாறியதும் சோதனைப் பொட்டலமும் மாற்று வழியில் சென்று பதில் பெற்றுவிடும். 'முதல் வழி சரியாகிவிட்டது' என்று திசைவி தவறாக எண்ணித் திரும்பும், மீண்டும் தோற்கும், மீண்டும் மாறும். இந்த ஊசலாட்டத்தில் எந்த வேலையும் உருப்படியாக நடவாது.

மேலே போட்ட கணக்குக்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது. இரு பழுதுகளும் ஒன்றையொன்று சாராதவையாக இருந்தால்தான் பத்தாயிரத்தில் ஒன்று என்ற விடை சரி. இரு நிறுவனங்களின் இழைகளும் ஒரே பள்ளத்தில் புதைந்திருந்தால், ஒரு வெட்டிலேயே இரண்டும் போய்விடும். ஒரகடத்து ஆலைக்கு ஓர் இழை ஸ்ரீபெரும்புதூர் பக்கமாகவும், மற்றது சிங்கப்பெருமாள்கோயில் பக்கமாகவும் வருவது நல்லது. அதுவும் முழுக் காப்பு ஆகிவிடாது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையருகே கரையைக் கடந்தபோது, தரைவழி இணைப்புகளும் செல்போன் கோபுரங்களும் ஒரே நேரத்தில் பாதிக்கப்பட்டன.

எனவே இணைப்பு வாங்குவோர் இரண்டு செயல்களை மறத்தலாகாது. ஒன்று, இழை எந்தத் தெரு வழியே வருகிறது என்று நிறுவனத்திடம் வரைபடம் கேட்டுப் பார்ப்பது. மற்றொன்று, ஆலை ஓடாத ஒரு விடுமுறை நாளில் முதல் வழியை வேண்டுமென்றே துண்டித்துப் பார்ப்பது. திசைவியின் அருகிலுள்ள கம்பியைப் பிடுங்கினால் மட்டும் போதாது. தொலைவிலுள்ள முனையையும் நிறுத்தச் சொல்லிச் சோதிக்க வேண்டும். பச்சை விளக்கு எரியும்போதும் மாற்று வழி திறக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும்.