வேட்டை: விருந்தாளிக்கு உரிமம், உள்ளூராருக்கு வழக்கு

நமது சிறப்பு நிருபர்

புது தில்லி: காட்டுப்பன்றியை யார் சுடலாம் என்ற கேள்வி அண்மை ஆண்டுகளில் நாடாளுமன்றத்தில் பலமுறை எழுந்துவிட்டது. கேரள உறுப்பினர்கள் கட்சி வேறுபாடின்றி எழுப்பும் கேள்வி இது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பதிலும் பெரிதாக மாறுவதில்லை. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 11-வது பிரிவின் கீழ் மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்குப் போதிய அதிகாரம் ஏற்கெனவே இருக்கிறது என்பதே அந்தப் பதில்.

அந்த அதிகாரத்தைக் கொண்டு துப்பாக்கியை யார் கையில் கொடுப்பது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. பயிரைப் பறிகொடுத்த விவசாயியிடமா, வனத்துறைக் காவலரிடமா, வெளியூரிலிருந்து வரவழைக்கப்படும் குறிபார்த்துச் சுடும் வல்லுநரிடமா என்ற கேள்விக்குப் பின்னால் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றில் வழிகாட்டியுடன் வந்த விருந்தாளிக்கு ஒரு நீதியும், காட்டோரம் வாழ்ந்தவருக்கு வேறொரு நீதியும் இருந்தன.

தங்க வயலின் தென்புறம்: கர்நாடகத்தின் கோலார் தங்க வயலில் உள்ள சாம்பியன் ரீப்ஸ், உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்று இருந்த இடமாகவே தமிழர்களுக்கு அறிமுகம். மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள் பாறை வெடிப்புகளுக்கு அஞ்சியபடியே பொன் எடுத்தனர். 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனம் நடத்திய சுரங்கங்கள் 1956-ல் அரசுடைமையாகி, 2001 பிப்ரவரி 28-ம் தேதி மூடப்பட்டன. இன்று அங்குள்ள தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகள் அதிகாலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர்.

சுரங்க நகரம் என்பதால் அதைச் சுற்றியுள்ள காட்டை நாம் மறந்துவிடுகிறோம். கர்நாடகம், ஆந்திரம், தமிழகம் ஆகிய மூன்று மாநிலங்களின் எல்லைகளும் அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லை. பங்காருப்பேட்டை வட்டத்தின் காமசமுத்திரம், ஆந்திரத்தின் குப்பம், கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வேப்பனப்பள்ளி ஆகியவை ஒன்றையொன்று ஒட்டிய குன்றுக் காடுகளின் விளிம்பில் இருக்கின்றன. 1980-களில் ஓசூர், தேன்கனிக்கோட்டைக் காடுகளிலிருந்து கிளம்பிய யானைக் கூட்டங்கள் இந்த வழியாகத்தான் சித்தூர் மாவட்டத்துக்குள் சென்றன. ஆந்திர மண்ணில் சுமார் இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு யானை மீண்டும் தங்கியது அப்போதுதான். அவற்றுக்காகவே 1990-ல் கௌண்டின்யா சரணாலயம் அமைக்கப்பட்டது.

ஆங்கிலேயர் காலத்துத் தங்க வயலில் துப்பாக்கி ஒரு தரப்பாரிடம்தான் இருந்தது. ஐரோப்பிய அதிகாரிகளும் ஆங்கிலோ இந்தியர்களும் சேர்ந்த தன்னார்வத் துப்பாக்கிப் படை ஒன்றே அங்கு இயங்கியது. மைசூர் சமஸ்தானம் 1901-ல் வேட்டையையும் மீன்பிடிப்பையும் முறைப்படுத்தச் சட்டம் செய்தது. எல்லையைத் தாண்டினால் பிரிட்டிஷ் இந்தியா. அங்கு 1878-ம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் கேட்டது, ஐரோப்பியருக்கு விலக்கு அளித்தது. சுரங்க வரிசை வீடுகளில் வாழ்ந்தவர்களுக்கும் அக்கம்பக்கத்துக் கிராமத்தாருக்கும் கைக்கெட்டியவை வேட்டை நாயும் முயல் வலையும் சுருக்குக் கம்பியும்தாம். உரிமத்துடன் சுட்டவர் வேட்டைக்காரர் எனப்பட்டார். கண்ணி வைத்தவர் திருட்டு வேட்டைக்காரர் ஆனார். காட்டில் விழுந்த மான் என்னவோ ஒன்றுதான்.

நீலகிரியில் தொடக்கம்: இந்தப் பாகுபாட்டுக்கு மிகத் தெளிவான முன்மாதிரி நீலகிரியில் உருவானது. உதகையில் தங்கிய ஐரோப்பியர்கள் 1877-ல் நீலகிரி வேட்டை விலங்குகள் சங்கத்தை அமைத்தனர். அடுத்த இரண்டே ஆண்டுகளில், 1879-ல், நீலகிரி வேட்டை விலங்குகள் மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டைக்கு விலக்கு மாதங்கள் குறிக்கப்பட்டன, உரிமம் கட்டாயமாயிற்று. வரையாடும் கடமாவும் அழிந்துவருகின்றன என்ற கவலை உண்மையானதுதான். ஆனால் அழிவுக்குக் காரணமாகச் சுட்டப்பட்டவர்கள் பெரும்பாலும் இறைச்சிக்காக வேட்டையாடிய உள்ளூர் மக்களே. பொழுதுபோக்குக்கு வந்த படை அதிகாரிகள் கணக்கின்றிச் சுட்டுக் குவித்தது பற்றிய பேச்சு அவ்வளவாக இல்லை.

ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். அந்தச் சங்கமும், மூணாறு உயர்மலையில் தேயிலைத் தோட்ட அதிகாரிகள் அமைத்த அதுபோன்ற சங்கமும் இல்லாதிருந்தால் வரையாடு இன்று மிஞ்சியிருக்குமா என்பது ஐயமே. இரவிகுளம் 1975-ல் சரணாலயமாவதற்கு முன் அதைக் காத்தது வேட்டைச் சங்கம்தான். அங்கு வந்த விருந்தாளிகளுக்குத் தடம் காட்டியவர்களும், காவல் காத்தவர்களும் முதுவர் பழங்குடியினர். காட்டறிவு அவர்களுடையது, வேட்டை உரிமம் வந்தவருடையது என்ற ஏற்பாடு அது.

பெங்களூரில் வாழ்ந்து, சேலம் மாவட்டக் காடுகளில் ஆட்கொல்லிகளைத் தேடித் திரிந்த கென்னத் ஆண்டர்சனின் (1910-1974) நூல்களைப் படித்தவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கும். பென்னாகரம் பகுதியில் அவருக்குத் துணை நின்ற பைரா, ரங்கா இருவருமே சட்டத்தின் கண்ணில் திருட்டு வேட்டைக்காரர்கள். ஆண்டர்சன் அதை மறைக்கவில்லை. அவர்களை நண்பர்களாகவே எழுதினார். எனினும் உரிமம் அவரிடம்தான் இருந்தது.

டாலர் தந்த வேட்டை: விடுதலைக்குப் பிறகும் நிலைமை மாறவில்லை. வணிகம் சேர்ந்துகொண்டதுதான் மாற்றம். 1950, 60-களில் மத்திய இந்தியக் காடுகளை மையமாகக் கொண்டு 'ஷிகார்' நிறுவனங்கள் தழைத்தன. நாகபுரியின் அல்வின் கூப்பர் அவற்றுள் பெயர்பெற்றது. அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வந்த செல்வந்தர்களுக்குக் கூடாரம், ஜீப், பரண், சமையற்காரர், தோல் பதனிடல் என எல்லாம் ஏற்பாடு செய்து, புலி ஒன்றுக்கு உறுதி சொல்லாத குறையாக அழைத்துச் சென்றன. வனத்துறை காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, குறிப்பிட்ட நாள்களுக்கு அனுமதிச் சீட்டு வழங்கியது. அந்நியச் செலாவணிக்கு ஏங்கிய காலம் அது. அரசுக்கும் அதில் மனக்குறை இல்லை. அக்காட்டுக் கிராமத்தார் தாரை தப்பட்டையுடன் காடு கலைக்கும் கூலிகளாயினர்.

1969-ல் தில்லியில் கூடிய பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பொதுப்பேரவை புலி வேட்டைக்குத் தடை கோரியது. 1970-ல் நாடு முழுவதும் தடை வந்தது. ஷிகார் நிறுவனங்கள் கடுமையாக எதிர்த்தும் பயனில்லை. 1972 கணக்கெடுப்பில் எஞ்சியிருந்த புலிகள் 1,827 என்று தெரியவந்தபோது அந்த எதிர்ப்பும் அடங்கிப்போயிற்று.

அவ்வாண்டே நாடாளுமன்றம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. வன விலங்குகள் அப்போது மாநிலப் பட்டியலில் இருந்ததால், பதினொரு மாநிலப் பேரவைகள் தீர்மானம் இயற்றிக் கேட்டுக்கொண்ட பிறகே மத்திய அரசு சட்டம் செய்ய முடிந்தது. 1976-ன் 42-வது திருத்தம்தான் அதைப் பொதுப்பட்டியலுக்கு மாற்றியது. 1972 சட்டம் வேட்டையை முற்றாகத் தடுக்கவில்லை என்பதைப் பலர் மறந்துவிட்டனர். சிறப்பு வேட்டை, பெருவிலங்கு வேட்டை, சிறுவிலங்கு வேட்டை, பொறி வைத்தல் என நால்வகை உரிமங்களுக்கு அதில் இடமிருந்தது. 1991-ம் ஆண்டுத் திருத்தம்தான் அந்த உரிமங்களை அடியோடு நீக்கியது. நிகோபார் தீவுகளின் பழங்குடியினருக்கு மட்டும் விலக்கு நீடிக்கிறது.

வந்தவரின் வேட்டை இத்துடன் முடிந்ததாகச் சட்டம் சொல்கிறது. ஆனால் ஜீப்பில் உள்ளூர் வழிகாட்டியுடன் செல்லும் விருந்தாளி மறைந்துவிடவில்லை. 1998-ல் ஜோத்பூர் அருகே படப்பிடிப்புக்கு வந்த இடத்தில் வெளிமான்களைச் சுட்டதாக நடிகர் சல்மான் கான் மீது புகார் கொடுத்தவர்கள் அவ்வூர் பிஷ்னோய் மக்கள். 2018 ஏப்ரலில் அவருக்கு ஐந்தாண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அவர் மேல்முறையீடு செய்து ஜாமீனில் வந்தார். வழக்கு கீழ் நீதிமன்றத்தில் முடியவே இருபது ஆண்டுகள் பிடித்தன. சுருக்குக் கம்பியுடன் பிடிபடும் கிராமத்தானுக்கு இவ்வளவு நீண்ட அவகாசம் கிடைப்பதில்லை.

நரிக்குறவர் நிலை: 1991 தடையின் சுமை யார் மீது விழுந்தது என்று கேட்டால் முதலில் சொல்ல வேண்டியவர்கள் நரிக்குறவர்கள். மருந்து கெட்டித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கியுடன் காடை, கௌதாரி, நரி வேட்டையாடி வாழ்ந்தவர்கள் அவர்கள். பயிருக்குக் காவலாக விவசாயிகளே அவர்களை அழைத்த காலமும் உண்டு. தடைக்குப் பின் பாசிமணி, ஊசி விற்பனையே தொழிலாயிற்று. 2022 டிசம்பரில் நரிக்குறவர், குருவிக்காரர் ஆகியோரைத் தமிழகப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதாவுக்கு இரு அவைகளும் ஒப்புதல் தந்தன. பல பத்தாண்டுக் கோரிக்கை நிறைவேறிய நாள் அது. கல்விக்கும் வேலைக்கும் அது வழி திறந்தது. பறிபோன தொழிலுக்கு மாற்று என்ன என்பதற்கு அதில் விடையில்லை.

மொழியால் அவர்களுக்கு நெருங்கியவர்களான கர்நாடகத்தின் ஹக்கி பிக்கி மக்கள், பறவை பிடிப்பதை விட்டு மூலிகை எண்ணெய் விற்க ஆப்பிரிக்கா வரை சென்றனர். 2023 ஏப்ரலில் சூடானில் போர் மூண்டபோது அங்கு சிக்கித் தவித்த இந்தியர்களில் அவர்களும் இருந்ததை வைத்துத்தான் தில்லியில் பலர் அப்பெயரையே முதன்முறையாகக் கேள்விப்பட்டனர்.

மீண்டும் வெளியூர்த் துப்பாக்கி: சட்டத்தின் 62-வது பிரிவு, குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு விலங்கைத் தீங்குயிரி என்று அறிவிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. 2015 டிசம்பரில் பிகாரில் நீல்காய் மானும் காட்டுப்பன்றியும் அவ்வாறு அறிவிக்கப்பட்டன. 2016 ஜூனில் மோகாமாவில் இருநூறுக்கும் அதிகமான நீல்காய்கள் சுடப்பட்டன. சுட்டவர்கள் ஐதராபாதிலிருந்து வரவழைக்கப்பட்ட தொழில்முறை வேட்டைக்காரர்கள். அப்போதைய அமைச்சர் மேனகா காந்தி, தம் அமைச்சரவை சகாவான சுற்றுச்சூழல் அமைச்சர் பிரகாஷ் ஜாவடேகரை வெளிப்படையாகவே சாடினார். மாநிலங்கள் கேட்டதால் அனுமதித்தோம் என்றார் ஜாவடேகர். ஒரே அரசின் இரு அமைச்சர்கள் ஊடகங்கள் முன்னிலையில் மோதிக்கொண்ட அபூர்வக் காட்சி அது. அந்த ஆரவாரத்தில், சொந்த வயலில் சுட உள்ளூர் விவசாயிக்கு ஏன் பயிற்சியும் அனுமதியும் தரவில்லை என்ற கேள்வி எவர் காதிலும் விழவில்லை.

கேரளம் அக்கேள்விக்கு ஒரு விடை தேடிப் பார்த்தது. காட்டுப்பன்றியைத் தீங்குயிரி என அறிவிக்க மத்திய அரசு மறுத்துவிட, 2022 மே மாதத்தில் உள்ளாட்சித் தலைவர்களுக்கே அனுமதி வழங்கும் அதிகாரத்தை அம்மாநிலம் ஒப்படைத்தது. துப்பாக்கி உரிமம் உள்ள உள்ளூரார் சுடலாம்; இறைச்சியை எடுக்கக் கூடாது, புதைத்துவிட வேண்டும். 2025-ல் அம்மாநிலப் பேரவை ஒரு படி மேலே சென்று மத்தியச் சட்டத்துக்கே திருத்த மசோதா நிறைவேற்றியது. பொதுப்பட்டியலில் உள்ள பொருள் என்பதால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் இன்றி அது செல்லுபடியாகாது. தமிழகமோ எதிர்த்திசையில் சென்றது. 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட முறைப்படி, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை மட்டுமே சுடலாம்; அதுவும் வனத்துறையினர்தாம் சுட வேண்டும்.

எல்லைக்கு அப்பால்: பாகிஸ்தானில் இந்த முரண்பாடு இன்னும் அப்பட்டம். ஹுபாரா வரகுக்கோழியை வேட்டையாட அந்நாட்டுக் குடிமகனுக்கு அனுமதியில்லை. வளைகுடா அரச குடும்பத்தாருக்கு அயலுறவு அமைச்சகமே சிறப்பு அனுமதி தருகிறது. 2015 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இதைத் தடை செய்தது. 2016 ஜனவரியில் அதே நீதிமன்றம் தடையை விலக்கிக்கொண்டது. 2021 நவம்பரில் சிந்து மாகாணத்தில் வெளிநாட்டு விருந்தினரின் வேட்டையைக் கைப்பேசியில் படம் பிடித்த கிராமத்து இளைஞர் கொல்லப்பட்டது நாட்டையே கொந்தளிக்க வைத்தது. அதே பாகிஸ்தானில்தான் மார்க்கோர் காட்டாட்டு வேட்டைக் கட்டணத்தில் 80 சதவீதம் மலைக் கிராமங்களுக்குச் சேர்கிறது. முன்பு அதைத் திருட்டுத்தனமாகச் சுட்டவர்களே இப்போது அதன் காவலர்கள்.

இந்தியாவில் அத்தகைய கட்டண வேட்டைக்கு இடமில்லை; இடமளிக்கக் கேட்கும் துணிவு எக்கட்சிக்கும் இல்லை. உள்ளூர் வேட்டையெல்லாம் அப்பாவித்தனமானது என்று வாதிடவும் இயலாது. பன்றிக்கு வைத்த சுருக்கில் சிறுத்தை சிக்குவதும், பழத்தினுள் மறைத்த வெடியைக் கடித்து யானை வாய் சிதறிச் சாவதும் நடக்கின்றன. 2020 மே மாதத்தில் பாலக்காடு மாவட்டத்தில் சினை யானை ஒன்று அவ்வாறு இறந்தது நாட்டையே உலுக்கியது. 'அவுட்டுக்காய்' எனப்படும் அந்த வெடி மூன்று மாநில எல்லைக் கிராமங்களிலும் அறியாத பொருளல்ல. துப்பாக்கி மறுக்கப்பட்டவர் வெடியை நாடுகிறார் என்று சொல்வது பாதி உண்மைதான். இறைச்சிச் சந்தைக்காக அதை வைப்பவர்களும் இருக்கிறார்கள்.

காமசமுத்திரத்துக் கேழ்வரகு வயலில் யானையோ பன்றியோ இறங்கினால் கர்நாடக வனத்துறைக்கு மனு எழுதி இழப்பீடு கேட்கவேண்டும். அதே விலங்கு ஓரிரு மலைகளைத் தாண்டி வேப்பனப்பள்ளியில் மேய்ந்தால் தமிழக விதி. குப்பத்தில் மேய்ந்தால் ஆந்திர விதி. மூன்று மாநிலங்களுக்கும் பொதுவான நடைமுறை எதுவும் இதுவரை வகுக்கப்படவில்லை. கதிர் முற்றும் மாதங்களில் விவசாயிகள் பரண்மீது விழித்திருந்து, தகரம் தட்டியும் பட்டாசு கொளுத்தியும் இரவைக் கழிக்கின்றனர்.