லொறியின் பின்னச்சில் நழுவல் தடுக்கும் டிபரென்சியல் உண்டா என அறியும் முறை

பெரும்போக அறுவடையின்போது நெல் மூடைகளை ஏற்றிவரும் லொறி வயலோரச் சேற்றில் அகப்படுவது கமக்காரர் பலரும் அறிந்த இடராகும். முருங்கன் போன்ற இடங்களின் களிமண் ஈரமுற்றதும் வழுக்கும் தன்மையது. அவ்வேளையில் ஒரு பின்சில்லு விரைந்து சுழன்று குழி பறிக்க, மற்றது அசையாது நிற்கும். இதற்குக் காரணம் எஞ்சினின் வலுக்குறைவன்று. பின்னச்சின் நடுவிலுள்ள டிபரென்சியலின் இயல்பே.

டிபரென்சியலின் தொழில்

வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சில்லு உட்புறச் சில்லைவிடக் கூடிய தூரம் ஓடவேண்டும். இதற்கு இடமளிப்பது டிபரென்சியல் எனும் பற்சில்லுத் தொகுதி. சாதாரண வகை இரு சில்லுகளுக்கும் ஏறக்குறையச் சமமான திருகுவிசையையே கொடுக்கும். ஆகவே வழுக்கும் சில்லு எவ்வளவு சிறிய விசையை ஏற்குமோ, பிடிப்புள்ள சில்லுக்கும் அவ்வளவே கிடைக்கும்.

நழுவல் தடுக்கும் வகை இக்குறையை ஓரளவு நீக்குகின்றது. இது எல்.எஸ்.டி. எனப்படும். இவ்வகையிற் பலவற்றில் கிளச்சுத் தட்டுகள் இருந்து, ஒரு சில்லு தனித்துச் சுழல்வதைத் தடுத்து, மற்றதற்கும் விசையைச் செலுத்தும். அமெரிக்கக் கம்பனிகள் சில 1950களில் தம் மோட்டார் வண்டிகளில் இதனை வழங்கின.

அறியவேண்டிய காரணம்

பழைய லொறி வாங்குவோர், இல்லாத உறுப்புக்கு விலை கொடுத்தல் கூடாது. மேலும், கிளச்சுத் தட்டுள்ள வகைக்கு அதற்கென ஆக்கப்பட்ட எண்ணெயே இடவேண்டும். தவறான எண்ணெய் இட்டால் திரும்பும்போது பின்னச்சு அதிர்ந்து ஒலிக்கும். தட்டுகளும் விரைவிற் பழுதுறும்.

முதலாவது சோதனை: அடையாளங்கள்

எண்ணெய் விடும் துளையின் அருகில் தகடோ ஒட்டுத்தாளோ உண்டா எனப் பார்த்தல் வேண்டும். எல்.எஸ்.டி. எண்ணெய் மட்டும் இடுக என்ற எச்சரிக்கை அங்கிருத்தல் கூடும். அதன்பின் வண்டியின் அடையாளத் தகட்டிலுள்ள அச்சுக் குறியீட்டைக் குறித்து, விற்பனை முகவரிடம் விசாரித்தல் நன்று. ஆயினும் பின்னச்சு இடையில் மாற்றப்பட்டிருத்தல் கூடுமாதலால் இதனை மட்டும் நம்புதல் போதாது.

இரண்டாவது சோதனை: சில்லைச் சுழற்றுதல்

1. வெற்று வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை நிறுத்துக. நான்கு சில்லு இழுவையுள்ள வண்டியாயின் இரு சில்லு இழுவைக்கு மாற்றுக.
2. முன்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டைகள் இடுக.
3. பின்சில்லுகள் இரண்டையும் ஜக்கினால் உயர்த்தி, அச்சை உறுதியான தாங்கிகள்மீது அமர்த்துக. ஜக்கை மட்டும் நம்புதல் ஆபத்து.
4. கியரை நடுநிலையில் வைத்து, கைத்தடுப்பைத் தளர்த்துக.
5. ஒரு சில்லைக் கையாற் சுழற்றி, மற்றதைக் கவனிக்க.

மற்றச் சில்லு எதிர்த்திசையிற் சுழலின் அது பெரும்பாலும் சாதாரண வகை. அதே திசையிற் சுழலின் நழுவல் தடுக்கும் வகையாகலாம். உறுதி செய்ய, எஞ்சினை இயக்காமலே கியரிலிட்டு மீண்டும் சுழற்றுக. சாதாரண வகையில் சில்லு எளிதாகச் சுழலும். கிளச்சுத் தட்டுள்ள வகை கைக்கு இணங்காது தடுக்கும்.

பாரிய லொறிகளில் இச்சோதனையைத் தொழிற்சாலையிற் செய்வித்தலே தகும்.

ஏமாற்றும் நிலைகள்

தட்டுகள் தேய்ந்த எல்.எஸ்.டி., சாதாரண வகைபோலவே சுழலும். பற்சில்லுகளால் மட்டும் இயங்கும் சில வகைகளும், வேக வேறுபாடு ஏற்பட்டபின் தாமே பூட்டிக்கொள்ளும் வகைகளும் கையாற் சுழற்றும்போது தம்மைக் காட்டிக்கொள்வதில்லை. இந்நிலையில் மூடியைக் கழற்றி உள்ளுறுப்புகளைப் பார்த்தலே முடிவான வழி.

சரளைத் தரையில் இரு சில்லுகளின் தடமும் பதிந்துள்ளதைக் கொண்டு முடிவு செய்தலும் பிழையாகலாம். புதிய வண்டிகள் பலவற்றில் வழுக்கும் சில்லை மின்னியல் முறையால் தடுப்புப் பிடித்து, மற்றதற்கு விசை கொடுக்கும் ஏற்பாடு உண்டு. அது டிபரென்சியலினுள் அமைந்ததன்று.

எச்சரிக்கை

எல்.எஸ்.டி. உள்ள வண்டியில் ஒரு பின்சில்லை மட்டும் உயர்த்தி, எஞ்சினைக் கியரில் ஓட்டுதல் ஒருபோதும் கூடாது. தரையிலுள்ள சில்லுக்கும் விசை செல்வதால் வண்டி ஜக்கிலிருந்து பாய்ந்து உயிர்ச்சேதம் விளைக்கக்கூடும். வண்டியில் எவ்வகை உள்ளதென்பது உறுதியாகும்வரை, எல்.எஸ்.டி. இருப்பதாகவே கருதி நடத்தல் வேண்டும்.

எல்.எஸ்.டி. உண்டென அறிந்தபின்னும் ஆழச் சேற்றில் துணிந்து இறங்குதல் தகாது. இரு சில்லுகளும் பிடிப்பிழந்தால் அதுவும் உதவாது. மூடைகளை உறுதியான வரம்புப் பாதைவரை உழவு இயந்திரத்திற் கொணர்ந்து, அங்கு லொறியில் ஏற்றுவதே சிக்கனமும் பாதுகாப்புமான முறையாகும்.