ஊரோரத்து நரிகள்

தமிழகத்தின் சமவெளி ஊர்களை ஒட்டி இருட்டிய பிறகு நடமாடும் நரிகளில் இரண்டு இனங்கள் உண்டு. மாலை மங்கியதும் குடும்பமாக ஊளையிடும் பொன்னிற நரி, எட்டு முதல் பத்து கிலோ வரை எடையுள்ளது. நாய்க்கும் ஓநாய்க்கும் நெருங்கிய உறவுடையது. மற்றொன்றான குள்ளநரி இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் தேறாத, வால் நுனி கருத்த சிறு விலங்கு. இந்தியத் துணைக்கண்டத்துக்கு வெளியே இது இயற்கையில் எங்கும் வாழ்வதில்லை. லண்டன், பிரிஸ்டல் போன்ற நகரங்களின் வீட்டுத் தோட்டங்களில் குட்டி ஈனும் செந்நரி, குள்ளநரியின் பேரினத்தைச் சேர்ந்ததே என்றாலும், அதைப் போல மனிதக் குடியிருப்புக்குள் புகுந்து வாழும் பழக்கம் குள்ளநரிக்கு இல்லை. ஊர் முடியும் இடத்திலுள்ள வெட்டவெளியே அதற்கு வேண்டியது.

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆரணியை அடுத்த பெரணமல்லூர் போன்ற நெசவூர்களைச் சுற்றிலும் உள்ள ஏரிக்கரைகளும், மல்லாட்டை என்னும் நிலக்கடலை விளையும் மானாவாரிக் கொல்லைகளும், மேய்ச்சல் புறம்போக்கும் இத்தகைய வெட்டவெளிகளே. கரையான், வண்டு, எலி, ஓணான், இலந்தைப் பழம் ஆகியவற்றைத் தின்று வாழும் குள்ளநரி, பயிருக்குக் கேடு செய்யும் எலிகளைக் குறைப்பதால் உழவருக்குத் துணையாகிறது. பொன்னிற நரியும் எலி பிடிப்பதே என்றாலும் மல்லாட்டையைத் தோண்டுவதும், கரும்பைக் கடிப்பதும், தர்பூசணியைக் குதறுவதும் உண்டு என்பதால், அதன்மீது உழவர் கொள்ளும் கோபத்தை வெறும் அறியாமை என்று ஒதுக்குவது நியாயமாகாது.

நரி முகத்தில் விழித்தால் அன்று நல்லது நடக்கும் என்னும் நம்பிக்கை நெடுங்காலமாக இருந்தும், அது நரியைக் காக்கவில்லை. சேலம் மாவட்டம் வாழப்பாடி வட்டாரத்தில் பொங்கலையொட்டி வலைவிரித்து நரியைப் பிடித்து ஊர்வலமாகக் கொண்டுசென்று ஓடவிடும் 'வங்கா நரி ஜல்லிக்கட்டு' அதே நம்பிக்கையிலிருந்து பிறந்தது. வனத்துறை அதற்கு அபராதம் விதித்து வருகிறது. அதிர்ஷ்டம் தரும் என்று விற்கப்படும் நரிக்கொம்புக்காகவும் நரிகள் கொல்லப்படுகின்றன. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இவை குற்றங்கள்; 2022 திருத்தம் பொன்னிற நரியை மிக உயர்ந்த பாதுகாப்பளிக்கும் முதல் அட்டவணையில் சேர்த்துள்ளது.

ஆனால் வலையைவிடப் பெரிய ஆபத்து தெருநாய். குப்பைமேட்டிலும் இறைச்சிக் கழிவிலும் பெருகும் நாய்கள் ஊர் விளிம்பைத் தமதாக்கிக்கொள்ளும்போது, அவற்றைவிடச் சிறிய குள்ளநரி விலகிப்போகிறது. நாய் கண்ணில் படும் இடத்தில் இரை கிடைத்தாலும் அங்கே குள்ளநரி தங்கி உண்ணும் நேரம் குறைந்துவிடுவதை, ஆய்வாளர் அபி தமிம் வனக்கும் உடன் ஆய்ந்தவர்களும் மகாராஷ்டிரத்துப் புல்வெளிகளில் நடத்திய சோதனை காட்டியது. நாய்களிடமிருந்து டிஸ்டெம்பர் என்னும் கொடிய வைரஸ் நோயும் வெறிநோயும் நரிகளுக்குத் தொற்றக்கூடும். 2024இல் மும்பையின் செம்பூர்ப் பகுதியில் இறந்த பொன்னிற நரிகளுக்கு வெறிநோய் இருந்தது உறுதிசெய்யப்பட்டது. நெருக்கமாக வாழும் நரிகளிடையே நோய் எவ்வளவு கடுமையாகப் பரவும் என்பதற்குப் பிரிஸ்டல் நகரமே சான்று. தோலைத் துளைக்கும் நுண்ணுண்ணியால் வரும் சொறி 1994இல் அங்கு பரவத் தொடங்கி, நகரத்துச் செந்நரிகளில் ஏறக்குறைய 95 விழுக்காட்டை அழித்துவிட்டது. ஆகவே தெருநாய்களுக்குத் தடுப்பூசி போடுவதும் கழிவைத் திறந்தவெளியில் கொட்டாதிருப்பதும் மனிதருக்கும் நரிக்கும் ஒருசேரப் பயன் தருபவை.

இவற்றோடு நிலமும் சுருங்கி வருகிறது. பல வாய்கள் கொண்ட வளைகளைத் தோண்டி வாழும் குள்ளநரிக்கு, வருவாய்க் கணக்கில் தரிசு என்று எழுதப்படும் மேட்டுநிலமே வீடு. அது மனைப்பிரிவாகும்போது அதன் இழப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. பெரும்பாலும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான மாதங்களில் பிறக்கும் குட்டிகள் முதல் சில வாரங்கள் வளைக்குள்ளேயே இருப்பதால், அப்பருவத்தில் பொக்லைன் இறக்கி மேட்டைச் சமன்செய்தால் அவற்றுக்குத் தப்பும் வழியில்லை. மழைக்குப் பின், குட்டிகள் வளர்ந்து பிரிந்த காலத்துக்கு அவ்வேலையைத் தள்ளிவைப்பது உள்ளாட்சிகளால் செய்யக்கூடியதே.