செந்தேளை அறிந்துகொள்வோம்

கரிய பெருந்தேளைக் கண்டு அஞ்சும் நாம், சிறிய செந்தேளைப் பொருட்படுத்துவதில்லை. உண்மையில் அஞ்சத்தக்கது செந்தேளே. தடித்த இடுக்கிகளையுடைய கருந்தேள் கொட்டினால் வலிக்கும், உயிராபத்து அரிது. மெலிந்த இடுக்கிகளையுடைய செந்தேளின் நஞ்சோ இதயத்தையும் நுரையீரலையும் தாக்கும். குழந்தைகளுக்கு ஆபத்து மிகுதி.

மறைமலை நகரில் வீட்டோரம் அடுக்கிய செங்கல், கருங்கல், விறகு ஆகியவற்றை அகற்றுவோம். சுவர் வெடிப்புகளைப் பூசி அடைப்போம். காலணிகளை உதறி அணிவோம். குழந்தைகளை வெறுந்தரையில் உறங்க வைக்க வேண்டாம். தேள்கள் இரவில் இரைதேடுபவை. புற ஊதாக் கைவிளக்கின் ஒளியில் பச்சை கலந்த நீலமாய் ஒளிர்வதால் எளிதில் புலப்படும்.

கொட்டிய இடத்தைக் கீறுவதும், உறிஞ்சுவதும், இறுகக் கட்டுவதும், மந்திரிக்கச் செல்வதும் கூடாது. மிகுந்த வியர்வை, வாந்தி, கைகால் குளிர்ச்சி, மூச்சுத்திணறல் ஆகியவை நஞ்சு பரவியதன் அறிகுறிகள். குழந்தையைக் கொட்டினால் அறிகுறிக்காகக் காத்திராமல் உடனே 108ஐ அழையுங்கள்.

மகாராட்டிர மாநிலம் மகாட் ஊரின் மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், பிரசோசின் என்னும் இரத்த அழுத்த மாத்திரை செந்தேள் நஞ்சின் விளைவை முறிப்பதை 1980களில் நிறுவினார். அதன்பின் உயிரிழப்பு பெரிதும் குறைந்தது. மருந்து உள்ளது, காலத்தே வந்து சேர்வதே நம் கடமை.