வைரத்தால் எஃகை அறுக்கலாமா?

"மிகக் கடினமான இயற்கைப் பொருள் எது?" என்று வகுப்பில் கேட்டால், "வைரம்" என்ற விடை உடனே வரும். "அப்படியானால், எஃகைத் தேய்க்கவும் அறுக்கவும் வைரமே சிறந்ததா?" என்று அடுத்துக் கேட்டுப் பாருங்கள். பலரும் "ஆம்" என்பர். அவ்விடை தவறு. அது ஏன் தவறு என்பதில் நல்லதொரு வேதியியல் பாடம் இருக்கிறது.

வீடு கட்டும் இடத்தில் கிரானைட், டைல்ஸ் அறுக்கும் வட்டை மாணவர்கள் பார்த்திருப்பர். அதன் விளிம்பில் பதிந்திருப்பவை செயற்கை வைரத் துகள்கள். அங்கேயே இரும்புக் கம்பியை அறுக்கும் வட்டில் பொதுவாக இருப்பதோ, வைரத்தைவிடக் கடினம் மிகக் குறைந்த அலுமினியம் ஆக்சைடு. ஏன் இந்த வேறுபாடு?

செயற்கை வைரம் உருவாகும் விதத்திலேயே விடை உள்ளது. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் 1954 டிசம்பரில் டிரேசி ஹால் செயற்கை வைரத்தை உருவாக்கினார். இன்று தொழிற்சாலைகளில் கிராஃபைட்டை ஏறத்தாழ 1,400 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும், வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் 50,000 மடங்கு அழுத்தத்திலும் வைக்கிறார்கள். உடன் சேர்க்கப்படும் இரும்பு, நிக்கல், கோபால்ட் போன்ற உலோகங்கள் உருகி, கார்பனைக் கரைத்துக்கொள்கின்றன. கரைந்த கார்பன் வைரமாகப் படிகிறது.

வைரம் உருவாக உதவிய அதே இரும்பு, பட்டறையில் அதை அழிக்கிறது. வைரத்தால் எஃகை வேகமாகத் தேய்க்கும்போது தொடும் இடம் கடுமையாகச் சூடேறுகிறது. அங்கே வைரத்தை நிலைநிறுத்தும் பேரழுத்தம் இல்லை. எனவே, வைரத்தின் கார்பன் கிராஃபைட்டாக மாறுகிறது, இரும்பிலும் கரைகிறது. துகளின் முனை விரைவில் மழுங்கிவிடுகிறது.

இதற்குத் தீர்வாக அமைந்தது கனசதுர போரான் நைட்ரைடு. அதே ஆய்வகத்தைச் சேர்ந்த ராபர்ட் வென்டார்ஃப் 1957இல் இதை அறிவித்தார். சாதாரண போரான் நைட்ரைடு, கிராஃபைட்டைப் போலவே அடுக்கடுக்கான, வழுக்கும் பொருள். பேரழுத்தத்தில் அதுவும் வைரத்தின் அமைப்பை ஒத்த கடினப் படிகமாகிறது. கடினத்தில் இது வைரத்துக்குக் குறைந்ததுதான். ஆனால், இதில் கார்பன் இல்லை. இரும்புடன் எளிதில் வினைபுரிவதும் இல்லை. ஆகவே, கடினப்படுத்திய எஃகாலான பற்சக்கரங்களையும் பேரிங்குகளையும் தேய்க்க இதுவே ஏற்றது.

மோ அளவுகோலைக் கற்பிக்கும்போது இதையும் சேர்த்துச் சொல்லலாம். எது எதைக் கீறும் என்பதை மட்டுமே அந்த அளவுகோல் கூறும். சூட்டில் எது எதனோடு வினைபுரியும் என்று கூறாது. கரும்பலகையில் "கல் – வைரம்", "கடின எஃகு – போரான் நைட்ரைடு" என்று எழுதி, காரணத்தை மாணவர்களையே தேடவிடுங்கள்.