உங்களுக்குத் தெரியுமா? குட்டி டூ-ஸ்ட்ரோக் ரேஸ் பைக்குகள்

● 1967-இல் சுசுகி களமிறக்கிய ஆர்கே67 ரேஸ் பைக்கின் எஞ்சின் வெறும் 50 சிசி. அதிலும் இரண்டு சிலிண்டர். ஒவ்வொன்றும் 25 சிசி, அதாவது ஐந்து தேக்கரண்டி. நிமிடத்துக்கு 17,000 சுற்றுகளுக்கு மேல் சுழன்று 17 குதிரைத்திறனைத் தாண்டியது. லிட்டர் கணக்கில் பார்த்தால் 340-க்கும் மேல்! கியர்கள் எத்தனை? 14.

● அத்தனை கியர் வீம்புக்காக அல்ல. அந்த எஞ்சினின் சக்தி முழுவதும் உச்ச வேகத்தை ஒட்டிய ஒரு சிறு இடைவெளியில்தான் இருந்தது. சுழற்சி கொஞ்சம் இறங்கினாலும் இழுவை போய்விடும். அந்த இடைவெளிக்குள்ளேயே எஞ்சினைப் பிடித்து வைக்க ஓட்டுநரின் கால் ஓயாமல் கியரைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். 1969 முதல் 50 சிசி வகுப்புக்கு ஒரே சிலிண்டர், அதிகபட்சம் ஆறு கியர் என்று விதி வந்தது.

● டூ-ஸ்ட்ரோக் ரேஸ் பைக்கின் சைலன்சர் ஏன் நடுவில் பருத்து, பின்னால் ஒடுங்கி இருக்கிறது? எஞ்சினின் வெளியே உள்ள மிக முக்கியமான பாகமே அதுதான்.

டூ-ஸ்ட்ரோக்கில் புகை போகும் துளை திறந்திருக்கும்போதே புதிய பெட்ரோல் கலவையும் உள்ளே வருகிறது. அதில் ஒரு பகுதி எரியாமலே புகையோடு வெளியே ஓடிவிடும். இதைத் தடுப்பது ஒலி அலை. எரிந்த வாயு குழாய்க்குள் பாயும்போது ஓர் அழுத்த அலை கிளம்புகிறது. குழாய் விரியும் இடத்திலிருந்து உறிஞ்சும் அலையாக அது திரும்பி வந்து, சிலிண்டரில் மிச்சமுள்ள புகையை இழுத்து, புதிய கலவையையும் வேகமாக உள்ளே வரவைக்கிறது. குழாய் ஒடுங்கும் இடத்திலிருந்து தள்ளும் அலையாகத் திரும்பி, வெளியே தப்பிய கலவையைத் துளை மூடுவதற்குள் சிலிண்டருக்குள்ளேயே திணித்துவிடுகிறது. 12,000 சுற்றில் ஓடும் எஞ்சினுக்கு ஒரு சுற்று முடிய 5 மில்லி விநாடி ஆகும். மேலே சொன்ன அத்தனையும் அதற்குள் ஏறத்தாழ 3 மில்லி விநாடியில் நடந்து முடிகிறது. வால்வு, கேம் எதுவும் இல்லாமல், தகரத்தை வெட்டிப் பற்றவைத்த ஒரு குழாயால் இதைச் சாதிப்பது எஞ்சின் வரலாற்றின் மிக அழகான யோசனைகளில் ஒன்று என்பேன். குழாயின் நீளத்தைச் சிறிது மாற்றினாலே சக்தி கிடைக்கும் இடமும் மாறிவிடும்.

● இந்தக் குழாயை முழுமைக்குக் கொண்டுவந்தவர் வால்டர் காடன். கிழக்கு ஜெர்மனியின் ட்சோபாவ் ஊரில், எம்இசட் தொழிற்சாலையின் பொறியாளர். பணம் குறைவு, நல்ல உலோகம் கிடைப்பது கடினம். அந்த நிலையிலும் 1961-இல் அவருடைய 125 சிசி எஞ்சின் 25 குதிரைத்திறன் கொடுத்தது.

● அந்த ரகசியம் ஜப்பானுக்குப் போன கதை சினிமாவை மிஞ்சும். 1961 ஆகஸ்டில் பெர்லின் சுவர் எழுந்தது. அடுத்த மாதம், ஸ்வீடன் கிராண்ட் ப்ரீயில் எம்இசட் அணியின் எர்ன்ஸ்ட் டெக்னர் 125 சிசி உலகப் பட்டத்தை எட்டிப்பிடிக்கும் தூரத்தில் இருந்தார். பந்தயத்தில் அவருடைய எஞ்சின் நின்றுபோனது. அவர் நாடு திரும்பவில்லை. மனைவி, பிள்ளைகளைக் காரில் ஒளித்து மேற்கு ஜெர்மனிக்குக் கொண்டுவர ஏற்கெனவே ஏற்பாடு ஆகியிருந்தது. டெக்னர் சுசுகியில் சேர்ந்தார், காடனின் நுணுக்கங்களோடு. அடுத்த ஆண்டே, 1962-இல், புதிதாகத் தொடங்கிய 50 சிசி உலகப் பட்டத்தை சுசுகிக்கு வென்று கொடுத்தார். டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் வென்ற முதல் உலகப் பட்டம் அது. காடன் எம்இசட்டிலேயே இருந்து உழைத்தார். அவருக்கு உரிய புகழ் பல ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

● ஜப்பானின் சுசுகா களத்தில் ஃபார்முலா ஒன் கார்கள் திரும்பும் ‘டெக்னர் வளைவு’ அந்த எர்ன்ஸ்ட் டெக்னரின் பெயரில் உள்ளதுதான்.

● ஸ்பெயினின் ஏஞ்சல் நியெட்டோ 13 உலகப் பட்டங்கள் வென்றார். அனைத்தும் 50 சிசி, 125 சிசி வகுப்புகளில். பதின்மூன்று என்ற எண்ணை உச்சரிக்க விரும்பாமல் ‘12+1’ என்றே சொல்லிவந்தார்.

● யமஹாவின் முதல் மோட்டார் சைக்கிள் 1955-இல் வந்த ஒய்ஏ-1. அது ஜெர்மனியின் டிகேடபிள்யூ ஆர்டி125 என்ற டூ-ஸ்ட்ரோக்கைப் பார்த்துச் செய்தது. அதே ஆர்டி125-ஐப் பின்பற்றி இங்கிலாந்தில் பிஎஸ்ஏ பான்டம் வந்தது. அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சனும், சோவியத் ரஷ்யாவும் ஆளுக்கொன்று செய்தன. இங்கிலாந்தில் பான்டமை மட்டுமே வைத்துப் பந்தயம் நடத்தும் ஆர்வலர்கள் உண்டு.

● ஹோண்டா ஆர்எஸ்125ஆர் போன்ற ரேஸ் பைக்கில் கிக்கரும் கிடையாது, செல்ஃப் ஸ்டார்ட்டும் கிடையாது. கியரைப் போட்டு, கிளட்சைப் பிடித்து, தள்ளிக்கொண்டே ஓடி, சீட்டில் உடம்பைச் சாய்த்துக் கிளட்சை விட வேண்டும். உலகப் பந்தயங்களே 1986 வரை இப்படித்தான் தொடங்கின. வண்டி எடை 70 கிலோவை ஒட்டித்தான் என்பதால் ஒருவரே தள்ளலாம்.

● டூ-ஸ்ட்ரோக் ரேஸ் எஞ்சினுக்கு ஆயில் பெட்ரோலோடு கலந்தே போகிறது. 25-க்கு 1 என்றால் லிட்டருக்கு 40 மில்லி. 50-க்கு 1 என்றால் 20 மில்லி. ‘கூட ஊற்றினால் எஞ்சினுக்கு நல்லதுதானே’ என்று பலர் நினைக்கிறார்கள். கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் ஜெட்டின் துளை அதேதான்; அதில் ஆயில் அதிகம் போனால் பெட்ரோல் குறையும். கலவை வறண்டு, சூடு ஏறும். அளவுக் குவளை இல்லாமல் கண்ணால் பார்த்து ஊற்றுவதை முதல் நாளே விட்டுவிடுங்கள்.

● பழைய ரேஸ் மைதானங்களில் மணந்த அந்தத் தனி வாசனை ஆமணக்கு எண்ணெயுடையது! கடும் சூட்டிலும் உலோகத்தை விட்டு விலகாது என்பதால் ரேஸ்காரர்களுக்கு அது பிரியமானது. உலகில் ஆமணக்கு அதிகம் விளைவது இந்தியாவில். ஒரு குறை உண்டு: ரிங் பள்ளங்களில் பிசினாகப் படியும், அடிக்கடி பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டும். சாதாரண மினரல் ஆயிலோடு அது ஒழுங்காகக் கலக்காது. மாற்றும்போது டேங்க் முதல் கார்பரேட்டர் வரை கழுவியாக வேண்டும்.

● டூ-ஸ்ட்ரோக் ரேஸ் ஓட்டுபவரின் இரண்டு விரல்கள் எப்போதும் கிளட்ச் லீவர் மேல் இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? பிஸ்டன் சிலிண்டரைக் கவ்வி ‘சீஸ்’ ஆனால் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். அந்தக் கணமே கிளட்சைப் பிடித்தால் விழாமல் தப்பலாம்.

சீஸ் ஆவதற்கு மூன்று வழக்கமான காரணங்கள். ஒன்று, கலவையில் பெட்ரோல் போதாமை. இரண்டு, எஞ்சின் சூடாகும் முன்பே முறுக்குவது: அலுமினிய பிஸ்டன் இரும்பைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியும், சிலிண்டர் விரிவதற்குள் பிஸ்டன் முந்திக்கொள்ளும். மூன்றாவதைப் பலர் யோசிப்பதே இல்லை. நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் திடீரென ஆக்சிலேட்டரை மூடினால், பெட்ரோலோடு ஆயிலும் நின்றுவிடுகிறது; எஞ்சினோ இன்னும் 12,000 சுற்றில் ஓடுகிறது. அதனால் வேகத்தைக் குறைக்கும்போதும் ஆக்சிலேட்டரை லேசாகத் திறந்து திறந்து மூடுவது நல்ல பழக்கம்.

● பிளக்கைப் பார்த்தே எஞ்சினின் உடல்நிலையைச் சொல்லலாம். முழு ஆக்சிலேட்டரில் ஓட்டி, கிளட்சைப் பிடித்து, அதே நொடியில் எஞ்சினை அணைத்து, உருண்டு வந்து நின்று பிளக்கைக் கழற்றுங்கள். பீங்கான் காப்பிப் பொடி நிறத்தில் இருந்தால் சரி. வெளுத்திருந்தால் ஆபத்து, பெரிய ஜெட் போட வேண்டும். கருத்து ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம். குளிர்ந்த காற்று அடர்த்தியானது, அதற்கு அதிக பெட்ரோல் வேண்டும். காலையில் சரியாக இருந்த ஜெட் நண்பகலில் பெரிதாகிவிடும். அதனால் வெப்பமானியும் ஜெட் பெட்டியும் பையில் இருக்க வேண்டும். எந்த நாளில் எந்த ஜெட் போட்டோம் என்று எழுதிவைக்கும் நோட்டு ஸ்பேனரைவிட உதவும்.

● ஹெட்டுக்கும் பிஸ்டனுக்கும் இடையே உள்ள இடைவெளியை அளக்க ஒரு துண்டு ஈய சால்டர் கம்பி போதும். பிளக் துளை வழியாகச் சிலிண்டர் சுவர் வரை நுழைத்து, எஞ்சினைக் கையால் ஒரு சுற்று சுற்றி, நசுங்கிய முனையை அளந்தால் முடிந்தது.

● தண்ணீரில் குளிரும் 125 சிசி ரேஸ் எஞ்சின்களுக்குப் பிடித்த வெப்பம் 50, 60 டிகிரி செல்சியஸ்தான். குளிர் நாளில் ரேடியேட்டர் மேல் டேப் ஒட்டி வெப்பத்தைச் சரிசெய்வார்கள்.

● ரேஸ் 125-இல் பிஸ்டனின் ஆயுள் சில நூறு கிலோமீட்டர்தான். கேட்டால் பயமாக இருக்கும். ஆனால் வால்வு, டைமிங் செயின் எதுவும் இல்லாததால், ஹெட்டையும் சிலிண்டரையும் கழற்றிப் புது பிஸ்டன், ரிங் போட்டு மூடுவதை ஒருவரே ஒரு மாலைக்குள் முடிக்கலாம். ஒரு எஞ்சினை அடி முதல் நுனி வரை சொந்தக் கையால் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: நிக்கல் பூச்சுள்ள ரேஸ் சிலிண்டரை ரீபோர் செய்ய முடியாது, மறுபடி பூச்சுதான் போட வேண்டும். யமஹா ஆர்எக்ஸ்100-இன் இரும்பு போரை லேத் பட்டறையில் கால் மில்லிமீட்டர் கூட்டி, பெரிய பிஸ்டன் போட்டுவிடலாம்.

● அந்த ஆர்எக்ஸ்100-இன் போரும் ஸ்ட்ரோக்கும் 50 மில்லிமீட்டர், 98 சிசி, 11 குதிரைத்திறன். 1985 முதல் 1996 வரை விற்றது. நம் ஊர்ப் பந்தயக்காரர்கள் பலருக்கும் டூ-ஸ்ட்ரோக் டியூனிங் கற்றுக்கொடுத்தது இதுதான். சென்னைக்கு அருகே, போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் நடந்து வந்த பந்தயங்கள், 1990-இல் திறந்த இருங்காட்டுக்கோட்டைக் களத்துக்கு மாறின.

● 125 சிசி உலகப் பட்டத்தின் கடைசி ஆண்டு 2011. கடைசி சாம்பியன் ஸ்பெயினின் நிக்கோ டெரோல். 2012-இல் 250 சிசி ஃபோர்-ஸ்ட்ரோக்கான மோட்டோ3 வந்தது. வேலையிழந்த டூ-ஸ்ட்ரோக்குகள் பல இன்று ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் ஆர்வலர்களின் கராஜ்களில் இருக்கின்றன.

● பழைய டூ-ஸ்ட்ரோக் எதை வாங்கினாலும் முதலில் பார்க்க வேண்டியது கிராங்க் ஆயில் சீல். சீல் தேய்ந்தால் பக்கவாட்டில் காற்று புகும், கலவை வறளும், எவ்வளவு நல்ல ஜெட் போட்டாலும் பிஸ்டன் கருகும். கார்பரேட்டர் வாயையும் புகைத் துளையையும் அடைத்து, கைப்பம்பால் லேசான அழுத்தம் கொடுத்து, சோப்பு நீர் தடவுங்கள். குமிழி வரும் இடத்தில்தான் கசிவு.